ஒரு டன்னுக்கு ஒரு கிலோ செம்பு

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்ற சரக்குகளைச் செய்யும்போது எவ்வளவு கரியமில வாயு வெளியேறியது என்று கணக்குக் காட்ட வேண்டும் என்ற விதி 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில மாதங்களில் எங்கள் ஆலைக்கு ஒரு படிவம் வந்து சேர்ந்தது. எங்களிடம் எஃகுக் கம்பி வாங்கி, போல்ட் அடித்து ஜெர்மனிக்கு அனுப்பும் ஒரு கம்பெனி அனுப்பியிருந்தது. ‘உங்கள் எஃகு ஒரு டன்னுக்கு எத்தனை டன் கரியமில வாயு?’ படிவம் எத்தனை பக்கம் நீண்டாலும் கேள்வி அது ஒன்றுதான்.

மேலாளர் அதை என் மேசையில் வைத்தார். “அடுப்பு விஷயம் உங்களுக்குத்தானே தெரியும், நீங்களே போட்டுக் குடுத்துடுங்க” என்றார். சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டிப் பக்கம், மின்வில் அடுப்புகளுக்கு முன்னால் முப்பத்தைந்து வருஷம் நின்றிருக்கிறேன். மின்சார மீட்டரையும் எண்ணெய் டேங்க்கையும் பார்த்தால் பதில் வந்துவிடும், ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. முடிவில் பதில் கிடைத்த இடம் அடுப்பே கிடையாது.

தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் ஊதுலையில் கரிக்கு இரண்டு வேலை. சூடு கொடுப்பது ஒன்று. தாதுவில் இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கி எடுப்பது மற்றொன்று. பிடுங்கிய ஆக்சிஜன் கரியோடு சேர்ந்து வாயுவாக மேலே போகிறது. அடுப்பை எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் இந்த இரண்டாவது வேலைக்கான கரி செலவாகியே தீரும். அதனால்தான் உலக சராசரியில் ஒரு டன் எஃகுக்கு 2 டன்னை ஒட்டியும், நம் நாட்டில் 2.5 டன்னை ஒட்டியும் கரியமில வாயு வருகிறது. ஸ்க்ராப் என்னும் பழைய இரும்பில் அந்தப் பிடுங்கும் வேலை என்றைக்கோ முடிந்துவிட்டது. உருக்கினால் போதும். எங்கள் அடுப்பில் மூன்று கிராஃபைட் எலக்ட்ரோடுகள் இறங்கி ஸ்க்ராப்பைத் தொடும்; மின்வில் பாயும்; ஒன்றரை மணி நேரத்தில் 20 டன் இரும்பு 1,600 டிகிரியில் தளும்பும்.

1988-ல் டிப்ளமோ முடித்து நான் சேர்ந்த முதல் ஆலையில் 10 டன் அடுப்பு. ஒரு தடவை உருக்கி ஊற்றுவதை ஹீட் என்போம்; அது முடிய மூன்று மணி நேரம். அங்கிருந்த மெல்ட்டர் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது மீட்டர் பார்ப்பதை அல்ல, காது கொடுப்பதை. ஸ்க்ராப் இறங்கியதும் அடுப்பு இடி இடிக்கிற மாதிரி கத்தும். உருகி மட்டமானதும் சத்தம் சீராகும். அந்த நேரம் ஆக்சிஜனையும் கொஞ்சம் கோக் தூளையும் உள்ளே செலுத்தினால் கசடு பால் பொங்குகிற மாதிரி பொங்கி எலக்ட்ரோடு நுனியை மூடிக்கொள்ளும். உடனே கத்தல் அடங்கி, தேனீக் கூட்டுக்குள் காது வைத்தாற்போல ஒரு முனகல் மட்டும் கேட்கும். மின்வில்லின் சூடு சுவரையும் மூடியையும் சுடாமல் இரும்புக்குள் இறங்குகிறது என்பதற்கு அந்த முனகல்தான் அடையாளம். “சத்தம் வந்தா கரண்ட் வீணாப் போகுதுன்னு அர்த்தம் தம்பி” என்பார். கரியமில வாயு என்ற சொல் அந்த ஆலையில் யார் வாயிலும் வந்ததில்லை. யூனிட்டுதான் கணக்கு. ஆனால் யூனிட்டை மிச்சம் பிடிக்கப் பழகியவனுக்குக் கரியை மிச்சம் பிடிக்கப் பாதிப் பழக்கம் வந்துவிடுகிறது.

உருக்கை ஏந்தும் லேடில் தொட்டியைக் காயவைக்காமல் ஊற்றினால் அது சூட்டைக் குடித்துவிடும். அதை ஈடுகட்ட அடுப்பில் 30, 40 டிகிரி கூடுதலாக ஏற்ற வேண்டும். காஸ்டிங்கில் யாரோ தயாராக இல்லை என்று பத்து நிமிஷம் காத்திருந்தால் அதற்கும் யூனிட். மூடியைத் திறந்து அடுத்த கூடை ஸ்க்ராப் போட கிரேன்காரர் தாமதித்தால் அதற்கும் யூனிட். வார்த்தெடுத்த பில்லெட் கட்டி சிவப்பாக இருக்கும்போதே ரோலிங் மில்லுக்குத் தள்ளினால் மறுபடி சூடாக்கும் எண்ணெய் ஏறத்தாழ பாதி மிச்சம். சில கிரேடுகளுக்கு அதைச் செய்கிறோம். மற்றவற்றை ஆறவைத்து மேற்பரப்பு பார்த்த பிறகே உருட்ட வேண்டியிருக்கிறது. இந்த மாதிரி நூறு சின்ன விஷயங்களைச் சேர்த்துச் சேர்த்து, டன்னுக்கு 700 யூனிட்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்ததை இந்த ஆலையில் 600-க்குக் கொண்டுவந்தோம். அதில் எனக்குப் பெருமை உண்டு. படிவம் வந்தபோதும் அந்தப் பெருமையோடுதான் பேனாவை எடுத்தேன்.

கணக்கு இப்படிப் போனது. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. 600 யூனிட்டுக்கு 420 கிலோ. எலக்ட்ரோடு தேய்வதில் 10 கிலோ. செலுத்தும் கோக்கில் 45 கிலோ வரை. நாங்கள் போடும் சுண்ணாம்பை எங்கோ ஒரு சூளையில் சுட்டபோது வந்தது 50 கிலோ. உருக்கும் கட்டம்வரை மொத்தம் 525 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊதுலைக்காரர்களின் கணக்கில் கால் பங்குகூட இல்லை.

அடுத்த பக்கத்தில் ‘வாங்கிச் சேர்க்கும் மூலப்பொருட்கள்’ என்று ஒரு கட்டம். ஸ்பாஞ்ச் அயர்ன் என்று எழுதினேன்.

தாதுவை உருக்காமல், சுழலும் நீள உருளைச் சூளையில் நிலக்கரியோடு சேர்த்து வறுத்து ஆக்சிஜனை எடுத்ததுதான் ஸ்பாஞ்ச் அயர்ன். சாம்பல் நிறத்தில் நெல்லிக்காய் அளவு உருண்டையாக, கையில் எடுத்தால் எடையே இல்லாத மாதிரி இருக்கும். உலகத்தில் அதிகமாகச் செய்வது நம் நாடுதான், பெரும்பகுதியும் நிலக்கரியில். எங்களுக்கு பெல்லாரிப் பக்கத்திலிருந்து லாரியில் வரும். ஒரு டன் ஸ்பாஞ்சுக்கு ஒரு டன்னுக்கு மேல் நிலக்கரி எரிகிறது. சுமார் 2 டன் கரியமில வாயு. பல வருஷமாக நாங்கள் நூற்றுக்கு முப்பது பங்கு ஸ்பாஞ்ச் போட்டு வந்தோம். 300 கிலோ ஸ்பாஞ்ச் என்றால் 600 கிலோ வாயு.

கால்குலேட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்தேன். எங்கள் அடுப்பு, அதற்கு வரும் மின்சாரம், எலக்ட்ரோடு, கோக், சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்ததைவிட, லாரியில் சத்தமில்லாமல் வந்து இறங்கும் அந்தச் சாம்பல் உருண்டைகள் சுமந்து வரும் கரி அதிகம். இருபது வருஷம் பாடுபட்டு 100 யூனிட் மிச்சம் பிடித்ததில் குறைந்தது 70 கிலோ. ஸ்பாஞ்சில் ஒரு கை குறைத்திருந்தால் அதைப் போல மடங்கு மடங்காகக் குறைந்திருக்கும்.

அப்படியானால் ஸ்பாஞ்சை ஏன் போட்டோம்? செம்புக்குப் பயந்து.

உருகிய இரும்பில் வேண்டாதவை பல இருக்கும். ஆக்சிஜன் ஊதினால் சிலிக்கான், மாங்கனீஸ் எல்லாம் இரும்பைவிட முந்திக்கொண்டு எரிந்து கசடில் ஏறிவிடும். கசடை வழித்து ஊற்றிவிடலாம். செம்பு அப்படி எரியாது. அதை எரிக்க வேண்டுமென்றால் இரும்பு முழுதும் முதலில் எரிய வேண்டும். அடுப்புக்குள் போன செம்பு எஃகுக்குள் இருந்தே தீரும். அடுத்த தடவை அந்த எஃகு ஸ்க்ராப்பாகத் திரும்பி வந்தாலும் அதற்குள் இருக்கும். ஒரு டன்னில் ஒரு கிலோ செம்பு என்றால் 0.1 சதவீதம். எங்கள் போல்ட் கிரேடுக்கு அதிகபட்சம் 0.25. அதாவது ஒரு டன் ஸ்க்ராப்பில் நாலைந்து ஸ்டார்ட்டர் மோட்டார் ஒளிந்திருந்தால் கதை முடிந்தது. தாதுவிலிருந்து நேராக வரும் ஸ்பாஞ்சில் செம்பு கிடையாது. சாம்பாரில் உப்பு கூடினால் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி, ஸ்பாஞ்சைப் போட்டுச் செம்பை நீர்க்க வைத்தோம்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. 2006 நவம்பர் மழையில் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஸ்க்ராப் யார்டில் அப்போது பதினொரு பெண்கள் வேலை செய்தார்கள். ஒப்பந்தக் கூலி, டன்னுக்கு இவ்வளவு என்று. அவர்களில் மூத்தவரை எல்லோரும் யார்டு அக்கா என்பார்கள். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை நைலான் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டிருப்பார். துண்டின் மேல் காந்தத்தை விட்டுப் பார்ப்பார். ஒட்டாவிட்டால் எவர்சில்வர் அல்லது மாங்கனீஸ் எஃகு, தனியாகப் போகும். சந்தேகம் வந்தால் சுத்தியால் ஒரு தட்டு, அரத்தால் ஒரு கீறல். காந்தம் ஒட்டினாலும் நம்ப மாட்டார். மோட்டாரின் ஓடு இரும்புதான், காந்தம் ஒட்டும். செம்பு உள்ளே சுருண்டிருக்கும். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரைக் ‘கறுப்பு முட்டை’ என்பார். அதற்குள் செம்புச் சுற்றும் இருக்கும், எண்ணெயும் இருக்கும். மூடிய பாத்திரம் என்பதால் அடுப்பில் வெடிக்கவும் செய்யும். குவியலில் கறுப்பு முட்டையைக் கண்டால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதை முதலில் உருட்டி ஓரம் கட்டுவார்.

அன்று ஒரு ஆர்டர் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. மழையில் யார்டு சேறாகி, பிரிக்கும் வேலை பாதியில் நின்றிருந்தது. பழைய வாகன பாகங்கள் வந்த ஒரு குவியல் கிரேனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அதைக் கூடையில் அள்ளச் சொன்னேன். யார்டு அக்கா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். “சார், அதை இன்னும் பாக்கல. மோட்டாரு கிடக்குது. போட்டுடாதீங்க.” நேரமில்லை என்றேன். அவர் கிரேனைப் பார்த்துக்கொண்டே நின்றார். கூடையைத் தூக்கியாயிற்று.

முதல் சாம்பிளில், கலவையை அளக்கும் ஸ்பெக்ட்ரோ செம்பு 0.41 என்று காட்டியது. இயந்திரம் தவறு என்று இன்னொரு சாம்பிள் எடுக்கச் சொன்னேன். 0.41. அடுப்பு வாய்வரை நிரம்பியிருந்தது, நீர்க்க வைக்க இடமில்லை. தரம் குறைந்த கிரேடு என்று பெயர் மாற்றிக் கொட்டினோம். மறுநாள் ரோலிங்கில் பில்லெட் முதல் ஸ்டாண்டைத் தாண்டும்போதே மூலைகள் கிழிந்தன. காய்ந்த ஏரித் தரை மாதிரி முதுகெல்லாம் வெடிப்பு. சூடாக்கும் அடுப்பில் பில்லெட்டின் மேல்தோல் இரும்பு காற்றில் எரிந்து செதிலாகிறது. எரியாத செம்பு செதிலுக்குக் கீழே தங்கித் தங்கித் திரள்கிறது. 1,085 டிகிரியில் உருகும் உலோகம் அது. 1,200 டிகிரி அடுப்பில் நீராகி, எஃகின் மணிகளுக்கு நடுவே கசிந்து இறங்குகிறது. உருளை அழுத்தும்போது அந்த மணிகள் ஒன்றை ஒன்று பிடிக்க முடியாமல் விலகிவிடுகின்றன.

இருபது டன்னும் கழிவானது. அதை ஒரே தடவையில் திரும்ப உருக்கவும் முடியாது, செம்பு அதற்குள்தான் இருக்கிறது. ஹீட்டுக்கு ஒரு டன் என்று பங்கு வைத்து, இருபது ஹீட்டில் கரைத்தோம். 20 டன்னை இன்னொரு முறை உருக்கும் 12,000 யூனிட் என் உத்தரவால் போனது. அதாவது 8 டன்னுக்கு மேல் கரியமில வாயு. அதன் பிறகு மேலிடம் சொன்ன தீர்வு, ஸ்பாஞ்சைக் கூட்டு என்பது. பதினைந்தாக இருந்த பங்கு முப்பதானது அந்த மழைக்குப் பிறகுதான். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. படிவத்தில் நான் கண்டுபிடித்த அந்த 600 கிலோவில் பாதிக்கு நான் காரணம்.

படிவத்தோடு போராடிய அந்த மூன்று வாரம் முடிந்ததும் யார்டுக்குப் போனேன். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயதாகியிருந்தது. சார் என்று கூப்பிட்டவர் எப்போதிருந்து தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார் என்பது எனக்கு நினைவில்லை. “செம்பு சுத்தமா வராம இருக்க என்ன வேணும்க்கா?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “டன் கணக்குக் கூலிய நிறுத்துங்க தம்பி. டன்னுக்குக் கூலின்னா கை வேகமா ஓடும், கண்ணு ஓடாது” என்றார்.

டன் கூலியை நாள் கூலியாக்க, பொறுக்கி எடுக்கும் செம்பை விற்பதில் அவர்களுக்கும் ஒரு பங்கு என்று எழுதி வாங்க, எனக்கு ஏழு மாதம் பிடித்தது. கரியமில வாயுவைச் சொல்லி வாதாடியபோது மேலிடம் நகரவில்லை. ஸ்பாஞ்சில் மண்ணும் சிலிக்காவும் இருப்பதால் கசடு கூடுகிறது, கசடை உருக்க யூனிட் போகிறது, அந்தக் கசடோடு இரும்பும் போகிறது என்று ரூபாயில் எழுதிக் காட்டியபோது நகர்ந்தது. தரையைக் கான்கிரீட் போட்டோம், மழையிலும் பிரிக்கக் கூரை போட்டோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கார் ஆலைகளின் பிரஸ் ஷாப்பில் வெட்டி விழும் தகட்டுக் கட்டுகளில் செம்பு மிகக் குறைவு. விலை அதிகமானாலும் அதைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கினோம். ஸ்பாஞ்ச் முப்பதிலிருந்து படிப்படியாக இறங்கி இப்போது பன்னிரண்டில் நிற்கிறது. டன்னுக்கு 360 கிலோ கரியமில வாயு இல்லாமல் போயிருக்கிறது. இத்தனைக்கும் அடுப்பில் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை.

காற்றாலையையும் சொல்ல வேண்டும். தெற்கே காயத்தாறு, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளில் பங்கு வாங்கி அந்த மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் ஆலைகள் தமிழ்நாட்டில் பல. எங்களுக்கும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை, குறிப்பாக ஆடிக் காற்றில், எங்கள் 420 கிலோ கணிசமாக இறங்கிவிடும். மார்கழியில் பழையபடி ஏறும். ஆக, ஒரே ஆலையின் ஒரே கிரேடு எஃகுக்கு ஆடியில் ஒரு கணக்கு, மார்கழியில் ஒரு கணக்கு.

நிலக்கரிக்குப் பதில் மரக்கரி போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நான் சேலத்துக்காரன், கஞ்சமலை அடிவாரம். பழைய உலைகளின் கசடுக் கட்டிகளை வயல் வரப்பில் பொறுக்கி விளையாடியிருக்கிறேன். அந்தப் பக்கத்துத் தாதுவை நம்பித்தான் ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து போனது, எரித்தது மரக்கரி. காடு எரித்த வேகத்துக்கு வளரவில்லை. கரித் தட்டுப்பாடு அந்த ஆலை நொடித்துப்போன காரணங்களில் முக்கியமானது. நட்டு, வளர்த்து, வெட்டிய இடத்தில் மறுபடி நட்டால் மரக்கரிக்கு இடமுண்டு. நட்டுக்கொண்டே இருக்க நிலம் வேண்டும்.

ஹைட்ரஜனைப் பற்றி எனக்கு மரியாதை இருக்கிறது. ஸ்வீடனில் லூலியோ என்ற ஊரில் ஹைப்ரிட் என்ற முயற்சி 2020-ல் சோதனை ஆலையைத் தொடங்கி, கரிக்குப் பதில் ஹைட்ரஜனால் தாதுவின் ஆக்சிஜனைப் பிடுங்கியது. அங்கே புகைபோக்கியில் வாயுவுக்குப் பதில் நீராவி. 2021-ல் அந்த இரும்பில் செய்த எஃகு வோல்வோவுக்குப் போனது. நமக்கும் அது தேவைப்படும். நம் நாட்டில் கட்டடங்களும் பாலங்களும் வண்டிகளும் இப்போதுதான் பெருகுகின்றன. அவை பழைய இரும்பாகத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை தாதுவிலிருந்து இரும்பு எடுத்தே ஆக வேண்டும். ஆனால் ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரித்து அந்த வழியில் ஒரு டன் எஃகு செய்ய 3,500 யூனிட் அளவுக்கு மின்சாரம் வேண்டும். எங்கள் அடுப்பு கேட்பது 600. அந்த 3,500-ம் நிலக்கரி மின்சாரமாக இருந்தால் ஊதுலையே தேவலை என்றாகிவிடும். பெருங்காற்றும் பெருவெயிலும் உள்ள நம் நாட்டில் அது நடக்கும், நடக்க வேண்டும் என்றே நம்புகிறேன். அதுவரை கைக்கெட்டும் பழைய இரும்பில் ஒரு துண்டையும் செம்பு கலந்து கெடுக்காமல் பார்த்துக்கொள்வது எங்கள் பாகம்.

2024 டிசம்பரில் மத்திய அரசு பசுமை எஃகுக்கு நட்சத்திரம் வகுத்தது. ஒரு டன்னுக்கு 2.2 டன்னுக்குக் கீழே இருந்தால் பசுமை; 1.6-க்குக் கீழே ஐந்து நட்சத்திரம். ஸ்பாஞ்ச் முப்பது பங்கு போட்ட காலத்திலேயே நாங்கள் அந்த ஐந்துக்குள் வந்திருப்போம். அது எனக்குத் திருப்தி தரவில்லை. ஸ்க்ராப் உருக்குகிறவனுக்கு அந்தக் கோடு மிகத் தாழ்வானது. போட்டியைப் போன மாதத்து எங்களோடுதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அடுப்படியில் ஒரு பலகையில் ஒவ்வொரு ஹீட்டுக்கும் யூனிட், ஸ்பாஞ்ச், செம்பு மூன்றையும் எழுதுகிறோம். யார்டில் இருப்பவர்களும் வந்து பார்க்கிறார்கள். செம்பு 0.20-க்குக் கீழே வந்த ஹீட்டின் எண்ணை அக்கா கேட்டு வைத்துக்கொள்வார்.

போன மாதம் பலகையில் செம்பு கொஞ்சம் ஏறியது. 0.21, 0.22, ஒரு தடவை 0.24. யார்டுக்குப் போய்ப் பார்த்தேன். அக்கா ஒரு பழைய காரின் கதவைக் கிடத்தி, உள் தகட்டைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு கற்றை வயர் வந்தது, கண்ணாடி ஏற்றும் மோட்டார் வந்தது, பூட்டுக்கு ஒரு குட்டி மோட்டார் வந்தது, ஸ்பீக்கர் வந்தது. நாலையும் வரிசையாகத் தரையில் வைத்தார்.

“முன்னெல்லாம் கதவுன்னா கதவுதான் தம்பி. இப்ப ஒவ்வொரு கதவுலயும் இவ்ளோ. இன்னும் பேட்டரி வண்டியெல்லாம் பழசாகி வந்தா என்ன ஆகும்? ரெண்டு ஆளு வேணும்.”

இரண்டு பேர் கேட்டு எழுதினேன். ஒருவருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. வருகிற ஒன்றாம் தேதி வேலைக்கு வருகிறார். இன்னொருவருக்காக அந்த 0.24 ஹீட்டின் கணக்கை ரூபாயில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.